அக்கா கழுவ விடாத ரோல்

"பிலிம் திரும்பி வருதுங்கக்கா. நீங்க அதுலயே பொழங்குன ஆளு. நம்ம சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்று எங்கள் வட்டாரப் புகைப்படக்காரர் சங்கத்துத் தம்பிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். "திரும்பி வாரதுக்கு அது என்ன காசிக்கா போயிருந்துச்சு?" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிலிம் மேல் எனக்குப் பாசம் கிடையாது. வாழ்நாளில் பாதி அதைக் கழுவியே என் விரல் நுனியெல்லாம் வெடித்துப் போனது. சோறு பிசைந்தால் எரியும். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது பிலிம் கழுவுகிற ஹைப்போ மருந்து வாடை தாங்காமல் என் கையைத் தட்டிவிடுவான். டிஜிட்டல் வந்ததும் டார்க் ரூம் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தவள் நான்தான். அன்றைக்கு எனக்குத் தீபாவளி. அப்படிப்பட்டவள் ஓய்வுபெற்ற பிறகு மறுபடியும் பிலிமை எடுத்துக் கேமராவில் மாட்டினேன் என்றால் அதற்குக் காரணம் கலையும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. என் அக்கா பாவாயி.

அக்காவிடம் வருவதற்குள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் எதற்காக அப்படிக் கேட்டாள் என்று புரியாது.

நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்தவள் நான். அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில், சீர் வீட்டிலும் சடங்கு வீட்டிலும் பெண்களைப் படமெடுக்க ஒரு பெண் வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதே தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார், சேர்த்துவிட்டார். தொட்டி கழுவினேன், பிரிண்ட் உலர்த்தினேன், லைட் பிடித்துக்கொண்டு நின்றேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். அதையெல்லாம் விரித்து எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

முதலாளி பெயர் நடேசன். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பக்கத்து அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, தறிச் சத்தம் மாறுவதை வைத்து இழை அறுந்ததைச் சொல்லிவிடுகிற ஆட்கள் அவர்கள். சத்தம் போட்டுப் பேச மாட்டார். வெள்ளை அரைக்கைச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டிருப்பார். நாங்கள் வெளி வேலை முடித்துக் கேமராவோடு வந்தால், "நல்லா வந்துச்சா?" என்று கேட்கவே மாட்டார். "சுத்துச்சா?" என்பார். அவ்வளவுதான்.

இந்தக் காலத்துத் தம்பிகளுக்கு அது என்னவென்று தெரியாது. பிலிம் ரோலின் நுனியை நாங்கள் நாக்கு என்போம். அந்த நாக்கை எதிர்ப்பக்கத்து உருளையில் செருகி, ஓரத்துத் துளைகள் பற்களில் உட்கார்ந்ததா என்று பார்த்து, மூடியைச் சாத்தி, நெம்புகோலை ஒரு தடவை தள்ள வேண்டும். அப்போது கேமராவின் இடது தோளில் இருக்கிற குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் உள்ளே பிலிம் நகருகிறது என்று அர்த்தம். சுற்றாவிட்டால் நாக்கு நழுவிவிட்டது. ஆனால் கேமரா அதைச் சொல்லாது. க்ளிக் க்ளிக் என்று சத்தம் போடும், மேலே எண் ஏறிக்கொண்டே போகும். நாள் முழுக்க எடுத்துவிட்டு வந்து பார்த்தால் உள்ளே பிலிம் போட்ட இடத்திலேயே படுத்துக் கிடக்கும். அதனால் நடேசன் ஐயா எந்தக் கேமராவைக் கையில் எடுத்தாலும் இடது சுண்டுவிரல் அந்தக் குமிழின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பேசிக்கொண்டே நெம்புகோலைத் தள்ளுவார், விரல் அங்கேயே இருக்கும். எங்களுக்கும் அதையே பழக்கினார்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் உண்டு. எங்கள் பக்கத்தில் வயதானவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் போட்டோக்காரரைக் கூப்பிடுவார்கள். எதற்கென்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "ஊட்ல பெரியவங்க படம் ஒண்ணு நல்லதா இல்லீங்க" என்று இழுப்பார்கள். மாலை போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு. படுத்திருப்பவரிடம் ரேஷன் கார்டுக்கு, பென்ஷனுக்கு என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தயார்படுத்தி வைத்திருப்பார்கள். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் அந்தப் பொய்யோடு சேர்ந்துகொண்டு, நாலு க்ளிக் அடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் முதலாளி போக மாட்டார். முதலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பிறகு மகன்களை விட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் போய் உட்காருவார்.

திருச்செங்கோட்டில் ஒரு பெரியவர். போர்வெல் ரிக் லாரி வைத்து வடக்கே ஊர் ஊராகத் துளை போட்டுச் சம்பாதித்தவர். மகன்கள் "லைசென்ஸ் புதுப்பிக்கோணும்ப்பா, போட்டோ கேக்கறாங்க" என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஐயா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, இது லைசென்சுக்கு இல்லீங்க. உங்களுக்கு அப்புறம் சுவத்துல மாட்டறதுக்கு. எப்படி இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். நான் லைட் ஸ்டாண்டோடு ஒரு எட்டு பின்னால் போனேன். மூத்த மகன் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. பெரியவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கடைசியில், "அப்ப வண்டிய வெளிய எடுங்கடா" என்றார்.

லாரியை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அவரைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். ஒரு முழங்கையைக் கதவின் மேல் போட்டுக்கொண்டு, யாரையோ ஓரம் போகச் சொல்கிற மாதிரி பார்த்தார். அதுதான் படம். அதற்கப்புறமும் அவர் வெகுகாலம் இருந்தார், படம்தான் பெட்டிக்குள் காத்துக் கிடந்தது. அன்றைக்கு நெகட்டிவைக் கழுவிய பிறகு நான் வழக்கம்போலப் பென்சிலைக் கூர்சீவி, கன்னத்துச் சுருக்கத்தைத் தீட்டி மறைக்க உட்கார்ந்தேன். ஐயா பென்சிலை வாங்கி மேசையில் வைத்தார். "கல்யாணப் படத்துக்குத் தீட்டு. மாட்டற படத்துக்குத் தீட்டாதம்மா. அப்புறம் ஊட்டாளுங்க யாரைப் பார்த்துக் கும்புடுவாங்க?" என்றார்.

டிஜிட்டல் வந்தது. ஐயாவுக்கும் வயதாகி ஸ்டுடியோவை மருமகனிடம் விட்டார். சில வருடத்தில் ஐயாவும் போய்ச் சேர்ந்தார். மாட்டுகிற படம் மட்டும் முன்பு எடுத்த மாதிரி இல்லாமல் போனது. எடுக்கவே தேவையில்லாமல் போனது என்று சொல்ல வேண்டும். செல்போனில் ஏதோ ஒரு விசேஷத்தில் எடுத்த முகத்தை வெட்டி, வெளுத்து, யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலை உடம்பில் ஒட்டவைத்துக் கொடுத்துவிடுவோம். நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எத்தனையோ கழுத்துகளை மாற்றியிருக்கிறேன். வேலை அது, கேட்டார்கள், கொடுத்தோம். வேகமாக முடிந்தது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். எனக்கு எப்போதும் எதுவும் வேகமாக முடிய வேண்டும். "உன்ற காலுக்குச் சக்கரம் கட்டி உட்ருக்குது" என்று அக்கா சின்ன வயதிலிருந்தே சொல்வாள்.

முழங்கால் வலி வந்து வேலையை விட்டேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மலைப்பாதையில் ஏறுகிற பஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? மகன் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தான். கொய்யா மரத்து அணிலை எடுத்தேன். எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். கார்டு நிறைந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். ஒரு படத்தைக்கூட இரண்டாம் தரம் பார்க்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, மனசு எதிலும் உட்கார மாட்டேன் என்கிறது. மருமகள், "அத்தே, அந்த அணிலுக்கே சலிச்சுப் போச்சு, இப்பெல்லாம் வாரதில்லே" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் போன் வந்தது.

பாவாயி அக்கா எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை. மாமா சின்ன வயதிலேயே போய்விட, நாலு கூண்டில் ஆரம்பித்து வரிசை வரிசையாகக் கொட்டகை போட்டு நிறுத்தியவள். மகன் செந்தில் தலையெடுத்துப் பண்ணையைப் பெரிதாக்கிய பிறகும் அவள் கொட்டகையை விட்டு வரவில்லை. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் முட்டை அட்டை. அதுதான் அவள். அந்தச் சட்டை மாமாவின் சட்டை என்று நீங்களாகக் கதை கட்டிவிடாதீர்கள். தீவனக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்தது. முதுகில் பெரிதாக எழுத்து இருக்கும்.

அவளுக்கு ஈரலில் கட்டி. சேலத்து டாக்டர்கள் அறுவைக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"ஏ புள்ளே, எனக்கு மாட்டற படம் நீயி வந்து எடு" என்றாள் போனில்.

"என்னக்கா இப்படிப் பேசறே" என்றேன்.

"பின்ன எப்படிப் பேசறது? எத்தன ஊட்டுக்குப் போயி எடுத்தே, என்ற ஊட்டுக்கு வரமாட்டியா? ஆனா ஒண்ணு. பண்ணைல எடுக்கோணும். சட்டையோட எடுக்கோணும். கம்ப்யூட்டர் கேமரா வேண்டாம், உன்ற பழைய பொட்டில எடு."

"அது எதுக்குக்கா?"

"செல்லுல எடுத்தா செந்திலு அன்னைக்கே வாங்கிப் பாத்து, அவன் கூட்டாளி பேனர் கடைக்காரன்கிட்டக் குடுத்து என்னைய வெளுத்துருவான். பட்டுச்சேலை கட்டி, காசுமாலை போட்டு எவளாட்டமோ ஆக்கிருவான். எவளோ ஒருத்திக்கு மாலை போட்டுட்டு என்ற ஊட்லயே எல்லாரும் கும்புடுவாங்க. எனக்கு அது ஆகாது."

செந்திலைக் குறை சொல்ல முடியாது. அவனிடம் நான் தனியாகப் பேசினேன். "சித்தி, சட்டையோட மாட்டுனா ஊரு என்ன பேசும்? இத்தன பெரிய பண்ணை வெச்சுக்கிட்டுப் பெத்தவளக் கடைசி வரைக்கும் வேலை வாங்குனான்னுதான பேசும்? நான் வேண்டாம் வேண்டாம்னு கத்துனது எவனுக்குத் தெரியும்?" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அவனுக்கு அவன் அவமானம், அவளுக்கு அவள் முகம். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

ஐயா ஓய்வுபெறும்போது எனக்குக் கொடுத்த கேமரா பீரோவில் கிடந்தது. ரோல் சேலத்துக் கடை எதிலும் கிடைக்கவில்லை. மகன் செல்போனில் தேடி, கழுவுகிற மருந்தையும் டேங்கையும் சேர்த்துக் கூரியரில் வரவழைத்தான். கருப்பு வெள்ளை. பஸ் ஏறிப் போனேன்.

அக்கா அன்றைக்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு இட்டு, கூண்டு வரிசையின் முன்னால் ஸ்டூலில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். வயிறு வீங்கியிருந்தது, கை கால் குச்சியாகியிருந்தது. கோழிகள் கத்துகிற கத்தலில் காது அடைத்தது. நான் எடுக்க ஆரம்பித்தேன். உட்கார்ந்து எடுத்தேன், நின்று எடுத்தேன், பக்கத்தில் போனேன், பின்னால் போனேன். ஒவ்வொரு க்ளிக்குக்கும் என் கண் தானாகக் கேமராவின் முதுகுக்குப் போனது. இத்தனை வருட டிஜிட்டல் பழக்கம். எடுத்ததும் பின்னால் திரையைப் பார்க்க வேண்டும். அங்கே திரை எங்கே இருக்கிறது? கறுப்புத் தகடுதான் இருக்கிறது. வெறும் தகட்டைப் பார்த்து நான் தலையை வேறு ஆட்டிக்கொண்டேன். என்னைப் பார்த்து அக்கா, "என்ன புள்ளே, பொட்டிகிட்ட உத்தரவு கேக்கறே?" என்றாள்.

ரோலில் மொத்தமே முப்பத்தாறு படம், எண் அதைத் தாண்டியது. நெம்புகோல் நிற்கவில்லை, இன்னும் போனது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு. அப்போதுதான் இடது சுண்டுவிரல் குமிழைத் தேடிப் போனது. குமிழ் ஆடாமல் அசையாமல் இருந்தது. மூடியைத் திறந்தேன். போட்ட இடத்திலேயே பிலிம் கிடந்தது, நாக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. அந்த நாக்கைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கேமராவைக் கோழிக் கூண்டில் வீசியிருப்பேன். கண் கேமராவின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் விரல் தன் வேலையை மறந்துவிட்டது.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னேன்.

அவள் ஸ்டூலில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். "அட கெரகமே! அப்ப இத்தன நேரம் நான் செத்தவளாட்டம் உக்காந்திருந்தது எல்லாம் வீணா?" என்றாள். பிறகு சிரிப்பு வந்தது பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலியில் முகம் சுருங்குகிறது, சிரிப்பும் நிற்கவில்லை. "போடி இவளே, நாளைக்கு வா" என்றாள்.

மறுநாள் அதே ரோலின் நாக்கை ஒழுங்காகச் செருகிக்கொண்டு போனேன். அவளால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. போஸ் கொடுக்கவும் தெம்பில்லை. கொட்டகைத் திண்டில் சாய்ந்துகொண்டு, அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த ராமாயியை விரட்டிக்கொண்டிருந்தாள். ராமாயி அந்தப் பண்ணையில் அவளோடு தலை நரைத்தவள். "ஒடசல அக்கட்டால வையின்னு எத்தன தடவ சொல்றது, கண்ணு எங்க இருக்குது?" என்று அக்கா கையை நீட்டிக் கத்தினாள். துண்டு சரிந்து காதில் தொங்கியது. நான் அப்போது எடுத்தேன். விரல் குமிழின் மேல் இருந்தது. சுற்றியது. சத்தியமாகச் சுற்றியது. ஆனால் முதல் நாள் பட்ட சூட்டில், சுற்றியதை என் விரலே என்னிடம் சொன்னாலும் நம்ப முடியவில்லை.

கொஞ்சம்தான் எடுத்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. "குடு, ஒண்ணு நான் அமுக்கறேன்" என்று கேமராவைப் பிடுங்கினாள். "அக்கா, கீழ போட்றாதே, லென்ஸ் போயிரும்" என்று நான் கத்த, அவள் எதையோ அமுக்க, நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கிளம்பும்போதுதான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இத இப்பக் கழுவாதே. நான் போனதுக்கப்பறம் கழுவு."

"ஏனக்கா? விழுந்துச்சா இல்லையான்னு பாக்க வேண்டாமா? நேத்து மாதிரி ஆயிருந்தா?"

"கழுவுனா நீ காட்டுவே. காட்டுனா நான் இது நல்லால்ல, வேற எடும்பேன். அப்பறம் எனக்கே பட்டுச்சேலை ஆசை வந்துரும். சுவத்துல தொங்கற என்னைய நான் எதுக்குப் பாக்கோணும்? பாக்கறவங்க பாத்துக்கட்டும்." என் கையைப் பிடித்தாள். "கழுவ மாட்டேன்னு என்ற மேல அடிச்சுச் சொல்லு."

அடித்துச் சொன்னேன். வேறு என்ன செய்ய?

அன்றிலிருந்து என் நிம்மதி போனது. ரோலை டப்பாவில் போட்டு, சேலத்து வெயிலுக்குப் பயந்து, ஃப்ரிட்ஜ் கதவில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் எடுக்கப் போனால் அது கண்ணில் படும். மோர் எடுக்கப் போனால் கண்ணில் படும். தாகமே இல்லாமல் போய்த் திறந்து பார்ப்பேன். கையில் எடுத்துக் காதோரம் ஆட்டுவேன், ஏதோ சத்தம் கேட்டு உள்ளே படம் இருப்பது தெரிந்துவிடப் போகிற மாதிரி. டிஜிட்டலில் அரை நொடியில் தெரிந்துவிடுகிற சங்கதி. அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் இருக்கச் சொன்னால் என்னைப் போன்றவளால் முடிகிற காரியமா? இதில் கொடுமை என்னவென்றால், நான் எப்போது அதைப் பார்க்க முடியும்? அக்கா போன பிறகுதான். பார்க்க வேண்டுமென்று தவிக்கிறேன் என்றால் நான் எதற்குத் தவிக்கிறேன்? இந்த எண்ணம் வந்த அன்றைக்கு ஃப்ரிட்ஜை ஓங்கிச் சாத்திவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா போன் செய்வாள். நலம் விசாரிக்க மாட்டாள். "கழுவலியே?"

"இல்லக்கா."

"சாமி மேல?"

"உன்ற மேலயே அடிச்சுச் சொல்லிட்டேனே, இன்னும் என்ன?"

"உன்னைய நம்ப முடியாது. நீ வேகற வரைக்கும் பொறுக்காம அரிசியத் தின்னவ." என்று சிரிப்பாள். போகப் போக அந்தச் சிரிப்பு மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் செந்தில் போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அப்போதும் அதே கேள்விதான்.

அவள் போன செய்தி காலையில் வந்தது. ஓடினேன். பண்ணை கேட்டில் ஆள் உயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தார்கள். அக்கா பயந்தது அப்படியே நடந்திருந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த முகத்தை ரோஜா நிறத்துக்கு வெளுத்து, ஊதாப் பட்டுச்சேலை உடம்பில் வைத்து, அவள் ஆயுசில் போடாத காசுமாலை போட்டு, பின்னால் ஒரு அருவி வேறு. அது யார் வீட்டுக் கழுத்தோ. இதே வேலையை நானும் செய்தவள்தான். எனக்கு வாயைத் திறக்க யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் நெஞ்சு கொதித்தது.

காரியமெல்லாம் முடிந்தது. கருமாதி அன்றைக்கு அதே படத்தைச் சட்டம் போட்டு நடுக்கூடத்தில் வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றியிருந்தார்கள். கொட்டகையிலிருந்து பெண்கள் கும்பிட வந்தார்கள். ராமாயி முன்னால் வந்தாள். கையில் கற்பூரம். படத்தைப் பார்த்தாள், கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற செந்திலிடம் வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அம்மா படம் வைக்கலீங்களா?"

அவன் முகம் கறுத்தது. ராமாயிக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்து, கற்பூரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் விழாமல், கொட்டகை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சித்தி, நீங்க எடுத்தது இருக்குதா?" என்றான்.

"இருக்கறதா இல்லையான்னு எனக்கே தெரியாது சாமி" என்றேன். அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்து குளியலறை ஜன்னலுக்குக் கம்பளி கட்டினேன், கதவு இடுக்கில் துணி திணித்தேன். ரோலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர் ஆற வைத்தேன். இருட்டில் விரலால் தடவித் தடவிச் சுருளில் ஏற்ற வேண்டும், வளைந்தால் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் புகாத டேங்கில் போட்டு மூடி, டெவலப்பர் மருந்தை ஊற்றி, ஆட்டி, வைத்து, ஆட்டி, வைத்து. அந்தப் பழைய வாடை எழுந்தது. கையில் வெடிப்பு இருந்த இடங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. ஹைப்போவை ஊற்றிய பிறகும் மூடியைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை. மருமகள் வெளியிலிருந்து, "அத்தே, உள்ள என்ன பண்றீங்க, உசுரோடதான் இருக்கீங்களா?" என்று கதவைத் தட்டினாள். "இரும்மா, உங்க பெரியத்தை வாராங்க" என்று சொல்லிவிட்டுத் திறந்தேன்.

விழுந்திருந்தது.

ஈரத்தோடு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரிகிற நெகட்டிவில்கூட அக்கா அக்காவாகவே இருந்தாள். நீட்டிய கை, காதில் தொங்குகிற துண்டு, ராமாயியைத் திட்டுகிற வாய். அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று மருமகளைத்தான் கேட்க வேண்டும்.

நெகட்டிவில் ஒரு கோடுகூடத் தீட்டவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். செந்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னையவும் இப்படித்தான் திட்டும்" என்றான். அவனே நாற்காலி போட்டு ஏறிப் பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான். சட்டை தெரிகிறதே, ஊர் பேசாதா என்று நான் கேட்கவில்லை. ராமாயி வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அக்கா இருந்தபோதும் அவள் முன்னால் அப்படித்தான் வந்து நிற்பாள்.

கட்டுரையை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த ரோலின் கடைசியில் இன்னொரு படம் இருந்தது. நான் எடுக்காத படம், அக்கா அமுக்கியது. கோணலாக, பாதிக்கு மேல் கொட்டகைக் கூரை. ஓரத்தில் நான். முடி அவிழ்ந்து கிடக்கிறது. கேமராவைப் பிடுங்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து கத்துகிறேன். இத்தனை வருடம் ஊரார் முகத்தையெல்லாம் எடுத்தேன், என்னை ஒருவரும் ஒழுங்காக எடுத்ததில்லை, நான் நின்று கொடுத்ததும் இல்லை. அக்கா படத்தையும் இதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வாய், அதே நீட்டிய கை. இரண்டு பேரும் சேர்ந்து யாரையோ திட்டுகிறோம்.

அதைச் சட்டம் போட்டுப் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். மகனைக் கூப்பிட்டுக் காட்டி, "எனக்கு மாட்டறதுக்கு இதுதான். வெளுக்கக் கூடாது, சேலை மாத்தக் கூடாது" என்று சொன்னேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, படம் பூரா அசைஞ்சிருக்கு?" என்றான்.

"அசையட்டும். நான் எப்படா அசையாம இருந்தேன்?" என்றேன்.